வீட்டிலேயே சர்க்கியூட் போர்ட்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்தில் எலெக்ட்ரோனிக்ஸ் பழகும் பிள்ளைகள், அவர்களின் பெற்றோர், தோட்டத்துக்கு மோட்டர் போட்டிருப்பவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வீட்டில் உள்ள அயன் பெட்டியையும் போட்டோ கொப்பிக் கடையையும் வைத்துச் செய்யக்கூடிய முறையைத்தான் பெரும்பாலும் சொல்லியிருக்கிறேன். தாளில் அச்சான கோடுகளை அயன் பண்ணிச் செப்பில் ஒட்டவைத்து, கோடில்லாத இடத்துச் செம்பைத் திரவத்தில் கரைத்தெடுப்பதுதான் அந்த முறை.

சீனாவில் மலிவாகச் செய்து அனுப்புகிறார்களே, வீட்டில் ஏன் செய்ய வேண்டும்?

தொழிற்சாலைப் போர்ட் வீட்டுப் போர்டை விடத் தரமானது. துளைகளுக்கு உள்ளேயும் செம்பு பூசியிருக்கும், மேலே பச்சைப் பூச்சு இருக்கும், எழுத்துகள் அச்சாகியிருக்கும். 5 சிறிய போர்ட்கள் சில டொலருக்குக் கிடைக்கும். ஆனால் போர்டின் விலையை விட அனுப்பும் செலவு கூட வரும். பிறகு அது கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ஏ9 வீதியால் எங்கள் ஊருக்கு வரக் கிழமைக்கணக்கில் ஆகும். வந்த பிறகு ஒரு கோடு பிழை என்று தெரிந்தால் திரும்பவும் அதே காத்திருப்பு.

வீட்டில் என்றால் காலையில் வரைந்ததைப் பின்னேரம் ஓடவிட்டுப் பார்க்கலாம். பிழை என்றால் அடுத்த நாளே திருத்தலாம். ஒருவர் எலெக்ட்ரோனிக்ஸைக் கற்றுக்கொள்வது அந்த வேகத்தில்தான். ஆகவே என் கருத்து இது: ஒன்று இரண்டு போர்ட், ஒற்றைப் பக்கம், சாதாரண உதிரிப்பாகங்கள் என்றால் வீட்டில் செய்யுங்கள். பத்துக்கு மேல் வேண்டும், அல்லது கால்கள் மிக நெருக்கமான ஐசி (பல பாகங்கள் ஒன்றாக அடங்கிய சில்லு) போடவேண்டும் என்றால், வீட்டில் ஒன்று செய்து சோதித்துவிட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்புங்கள்.

முதலாவதாக எதைச் செய்து பார்க்கலாம்?

கொம்பியூட்டரே வேண்டாம். அழியாத மார்க்கர் பேனையால் செப்பின் மேல் நேரடியாக வரையுங்கள். ஒரு எல்.ஈ.டி.யை மினுக்கும் 555 ஐசி சர்க்கியூட் போதும். கியூடெக்ஸும் நன்றாக வேலை செய்யும். மெல்லிய தூரிகையால் பூசிக் காயவிட்டால் அரிக்கும் திரவம் அதைத் தொடாது. கோடுகள் கோணலாக வந்தாலும் மின்சாரம் ஓடும். கரைத்தல், துளையிடுதல், சோல்டர் பண்ணுதல் மூன்றும் கைக்குப் பழகிய பிறகு அயன் முறைக்குப் போகலாம்.

என்னென்ன சாமான் வேண்டும்? எங்கே வாங்கலாம்?

ஒரு பக்கம் செப்புத் தகடு ஒட்டிய வெறும் போர்ட். இதில் இரண்டு வகை உண்டு. மண்ணிறமானது கடுதாசியும் பிசினும் சேர்த்துச் செய்தது. மலிவு, இலகுவாகத் துளைக்கலாம், ஆனால் கூடிய சூட்டில் செம்பு உரிந்துவிடும். வெளிர் பச்சை அல்லது வெளிர் மஞ்சளானது கண்ணாடி நார் சேர்த்தது, எஃப்.ஆர்.4 என்பார்கள். வழமையான தடிப்பு 1.6 மி.மீ. அயன் முறைக்கு எஃப்.ஆர்.4 வாங்குங்கள், சூட்டைத் தாங்கும்.

அதோடு செம்பைக் கரைக்கும் பெரிக் குளோரைட், சிறிய துளைக்கருவி, 0.8 மற்றும் 1 மி.மீ. அலகுகள், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், அசிற்றோன் உள்ள கியூடெக்ஸ் ரிமூவர், மூடியுள்ள ஐஸ்கிறீம் பெட்டிகள், ரப்பர் கையுறை, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி. சலவைச் சோடாவையும் இப்போதே வாங்கி வையுங்கள். அது ஏன் என்று கீழே வருகிறது.

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போனால் பெரும்பாலானவை கிடைக்கும். யாழ்ப்பாண நகரிலும் வவுனியாவிலும் தேடிப் பாருங்கள். ஊரில் ரேடியோ, ரி.வி. திருத்துபவரைக் கேட்டால் அவரே தன்னிடமுள்ள போர்டில் ஒரு துண்டு வெட்டித் தரக்கூடும். தெரிந்தவர் யாரும் கொழும்பு போனால் நாலைந்து பேராகச் சேர்ந்து சொல்லிவிடுங்கள்.

வீட்டில் இங்க்ஜெட் பிரிண்டர் இருக்கிறது. அது சரிவருமா?

சரிவராது. அதன் மை செப்பில் ஒட்டிக் காப்பாக நிற்காது. ரோனர் என்பது நுண்ணிய பிளாஸ்ரிக் தூள். சூட்டில் உருகி ஒட்டுவது அதுதான். லேசர் பிரிண்டர் அல்லது போட்டோ கொப்பி இயந்திரம் வேண்டும்.

கடைக்காரர் வழுவழுப்பான கடுதாசியைத் தன் இயந்திரத்தில் போட மறுக்கிறாரே?

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மடிந்த, கிழிந்த, ஸ்டேப்பிள் ஓட்டை உள்ள தாள் உள்ளே சிக்கினால் அவருடைய பிழைப்பு நின்றுபோகும். பழைய சஞ்சிகையின் மெல்லிய பளபளப்பான தாளை எடுத்து, ஏ4 அளவுக்கு நேராக வெட்டி, ஓரங்கள் சுருளாமல் கனமான புத்தகத்துக்குள் இரவு முழுக்க வைத்துக் கொண்டுபோங்கள். அந்தத் தாளில் ஏற்கனவே அச்சாகியிருக்கும் எழுத்தும் படமும் இடைஞ்சல் செய்யாது, அது வேறு மை. ஆனால் இங்க்ஜெட் படம் அச்சிடும் போட்டோ பேப்பரைக் கொடுக்கவேண்டாம். சில வகைகளின் பூச்சு உள்ளே உருகி உருளையில் ஒட்டிவிடும்.

உள்ளதில் கூடிய கறுப்பாக அச்சிடச் சொல்லுங்கள். ‘தாளுக்கு ஏற்பச் சுருக்கு’ என்ற தெரிவை நீக்கி, 100 வீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். கடையிலேயே ஒரு ஐசியைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். அதன் கால்களுக்கு இடையே 2.54 மி.மீ., கடைசிக் கால் வரைக்கும் தாளில் அச்சான, கால் நுழையும் வட்டங்களோடு பொருந்தவேண்டும். பொருந்தாத தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து பயனில்லை.

கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி அச்சிடவேண்டுமா?

எல்லோரையும் குழப்பும் விடயம் இதுதான். போர்டை வரைய உதவும் கிகேட் (KiCad) போன்ற மென்பொருளில் நாங்கள் பார்ப்பது உதிரிப்பாகங்கள் இருக்கும் மேல்பக்கத்திலிருந்து. அடிப்பக்கச் செப்பு, போர்டை ஊடுருவிப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படித் திரையில் தெரிகிறது. அதாவது அது ஏற்கனவே திரும்பித்தான் இருக்கிறது. ஆகவே அடிப்பக்கத்தை உள்ளபடியே அச்சிடுங்கள். தாளைச் செப்பின்மேல் கவிழ்க்கும்போது சரியாகிவிடும். மேல்பக்கச் செப்பை எடுப்பதானால் மட்டும் திருப்பி அச்சிடவேண்டும்.

ஞாபகம் வைத்திருக்க முடியாவிட்டால் அடிப்பக்கச் செப்பில் உங்கள் பெயரின் முதல் எழுத்தை, அந்தப் பக்கத்துக்குரிய எழுத்தாகவே போட்டுவிடுங்கள். தாளில் அது கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறித் தெரிந்தால் செப்பில் நேராக வரும். தாளில் நேராக வாசிக்க முடிந்தால் நிறுத்துங்கள்.

கோடு எவ்வளவு அகலம் வேண்டும்?

சாதாரண போர்டில் செம்பின் தடிப்பு 35 மைக்ரோன். அதில் 1 அம்பியருக்குச் சுமார் 0.3 மி.மீ., 2 அம்பியருக்கு 0.8, 3 அம்பியருக்கு 1.4, 5 அம்பியருக்கு 2.8 மி.மீ. என்று கணக்கு உண்டு. கோட்டின் சூடு சுற்றுப்புறத்தை விட 10 பாகை கூடலாம் என்று எடுத்துப் போட்ட கணக்கு அது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மூடிய பெட்டியில் இருக்கப்போகும் போர்டுக்கு அதை இரட்டிப்பாக்குங்கள். இடம் இருக்கிறதுதானே.

சமிக்ஞைக் கோடுகளுக்கும் 0.8 மி.மீ. கொடுங்கள், இடைவெளி 0.5 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். ஐசியின் இரண்டு கால்களுக்கு நடுவால் கோடு கொண்டுபோகும் ஆசையை முதல் சில போர்ட்களுக்கு விட்டுவிடுங்கள். ஒரு கோடு இன்னொன்றைக் கடக்கவேண்டி வந்தால் மேல்பக்கத்தால் ஒரு கம்பித்துண்டு போடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பழைய ரேடியோக்களில் எத்தனையோ கம்பித்துண்டுகள் உண்டு.

இன்னொன்று: வெறுமையான இடங்களை எல்லாம் தரைக்கோட்டோடு (கிரவுண்ட்) சேர்த்துச் செப்பாகவே விட்டுவிடுங்கள். கரையவேண்டிய செம்பு குறைந்தால் நேரமும் மிச்சம், நச்சுக் கழிவும் குறைவு.

அயன் பண்ணினேன், பாதி ஒட்டவில்லை. என்ன காரணம்?

பெரும்பாலும் அழுக்கு. செம்பு பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் கைரேகையின் எண்ணெய் போதும், ரோனர் ஒட்டாது. பச்சை நாரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, வட்டமாகத் தேய்த்து, கழுவி, துடைத்து, கடைசியில் அசிற்றோனால் ஒருமுறை துடையுங்கள். அதற்குப் பிறகு ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். வெட்டிய விளிம்பில் நிமிர்ந்து நிற்கும் செப்புப் பிசிறையும் அரத்தால் தட்டையாக்குங்கள். அந்தப் பிசிறு அயனைத் தூக்கிப் பிடித்தால் சுற்றிவரச் சூடு சேராது.

அயனுக்குள் தண்ணீர் இருக்கக்கூடாது, நீராவியை மூடிவிடுங்கள். பருத்தித் துணிக்குரிய கூடிய சூட்டில் வையுங்கள். தட்டையான பலகையின் மேல் போர்டைச் செம்பு மேலாக வைத்து, முதலில் வெறும் போர்டை அரை நிமிடம் சூடாக்குங்கள். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்து, அசையாமல் ஒரு நிமிடம் உடல் பாரத்தைக் கொடுத்து அழுத்துங்கள். ஒட்டிப் பிடித்த பிறகு அயனின் நுனியால் மூலைகளையும் ஓரங்களையும் மெல்ல அழுத்திக்கொண்டு வாருங்கள். மொத்தம் 3 முதல் 5 நிமிடம். கோடுகள் நசிந்து பரவியிருந்தால் சூடோ அழுத்தமோ கூடிவிட்டது, அல்லது தாள் வழுக்கிவிட்டது. ரோனர் தாளோடு திரும்பி வந்தால் சூடு போதாது.

சூடாக இருக்கும்போது தாளை இழுக்கவே கூடாது. முதலில் ஆறவிடுங்கள். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் மணித்தியாலமாவது ஊறவைத்து, பெருவிரலால் உருட்டி உருட்டித் தாளை எடுங்கள். கோடுகளுக்கு இடையில் வெள்ளை நார் தங்கியிருந்தால் பழைய பல் துலக்கும் தூரிகையால் தேயுங்கள், அந்த நார் இருக்கும் இடத்தில் செம்பு கரையாது. ஒன்றிரண்டு இடத்தில் ரோனர் போயிருந்தால் மார்க்கரால் பூசலாம். கால்வாசி போயிருந்தால் அசிற்றோனால் துடைத்துவிட்டுத் திரும்பச் செய்வதே மேல்.

ஒரு பாக்கெட் பெரிக் குளோரைட்டை எப்படிக் கரைப்பது?

மஞ்சள் மண்ணிறக் கட்டிகளாக வருவதில் சுமார் 500 கிராமுக்கு 1 லீட்டர் தண்ணீர். தண்ணீரை முதலில் பிளாஸ்ரிக் பாத்திரத்தில் எடுத்து, அதற்குள் கட்டிகளைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். கட்டிகளின் மேல் தண்ணீரை ஊற்றவேண்டாம். கரையும்போது சூடேறும். நீரில்லாத கறுப்புத் தூளாக வந்தால் கொதித்துச் சிதறும் அளவுக்குச் சூடேறும். அதைப் பழக்கமில்லாதவர்கள் வாங்கவேண்டாம்.

அலுமினியச் சட்டி, அலுமினியக் கரண்டி பக்கத்திலும் வரக்கூடாது. அலுமினியத்தை அது மூர்க்கமாக அரிக்கும். எவர்சில்வரையும் அரிக்கும். எடுக்கப் பிளாஸ்ரிக் இடுக்கி. துணியில் பட்டால் துருக்கறை போகாது, சீமெந்துத் தரையிலும் அப்படித்தான். குசினியில் செய்யாதீர்கள். வெளியே, காற்றோட்டமான நிழலில் செய்யுங்கள்.

கரைய எவ்வளவு நேரம் எடுக்கும்?

புதுத் திரவமும் இளஞ்சூடும் இருந்தால் 10 முதல் 20 நிமிடம். ஆறிப்போயிருந்தால் ஒரு மணித்தியாலமும் ஆகலாம். ஐஸ்கிறீம் பெட்டியை, சுடுதண்ணீர் உள்ள பெரிய பேசினுக்குள் வைத்தால் போதும், அடுப்பில் வைக்கவேண்டாம். 40 முதல் 50 பாகை நல்லது. பங்குனி, சித்திரையில் எங்கள் வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும். பெட்டியைத் தொடர்ந்து மெல்ல ஆட்டிக்கொண்டிருங்கள். செம்பு கரைந்த திரவம் மேற்பரப்பிலேயே தேங்கினால் புதுத் திரவம் அங்கே வராது. செப்புப் பக்கம் கீழே பார்க்க, அடியில் முட்டாமல் தொங்கவிட்டால் இன்னும் விரைவாகக் கரையும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, ஒரு பேசின் தண்ணீரில் அலசி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். எஃப்.ஆர்.4 ஊடாக வெளிச்சம் வரும், கரையாத திட்டுகள் நிழலாகத் தெரியும். எல்லாம் போனதும் உடனே எடுங்கள். கூடநேரம் விட்டால் ரோனருக்குக் கீழே பக்கவாட்டில் புகுந்து மெல்லிய கோடுகளைத் தின்றுவிடும்.

ரோனரை அசிற்றோனால் துடைத்ததும், சோல்டர் பண்ணுவதற்கு முன், மல்டிமீற்றரால் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளைத் தொட்டுப் பாருங்கள். மயிரளவு செம்பு எங்காவது தொடுத்துக்கொண்டிருக்கும். இந்த நேரத்தில் கத்தி முனையால் சுரண்டுவது சுகம், பாகங்கள் ஏறிய பிறகு கண்டுபிடிப்பது பெரிய வேலை.

அமிலமும் ஐதரசன் பேரொட்சைட்டும் கலந்தால் மலிவு என்கிறார்களே?

ஐதரோகுளோரிக் அமிலமும் பேரொட்சைட்டும் சேர்ந்து செம்பை மிக வேகமாகக் கரைக்கும், உண்மை. ஆனால் மூக்கை எரிக்கும் புகை வரும், அறையில் உள்ள இரும்புச் சாமான் எல்லாம் துருப்பிடிக்கும், மூடிய போத்தலில் வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். வீட்டுக்கு வேண்டாம். அவசரத்துக்குப் பெரிக் குளோரைட் இல்லையென்றால், பார்மசியில் கிடைக்கும் 3 வீதப் பேரொட்சைட்டோடு வினாகிரியும் ஒரு கரண்டி உப்பும் கலந்து பாருங்கள். மெதுவாகத்தான் கரைக்கும், ஆனால் கரைக்கும். இதில் மிஞ்சும் நீலப்பச்சைத் திரவத்திலும் செம்பு இருக்கிறது. மூடி வைக்கக்கூடாது, கீழே சொல்லும் முறையில் கழிக்கவேண்டும்.

பாவித்த திரவத்தை எங்கே ஊற்றுவது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் தொடங்கக்கூடாது. நாங்கள் குடிப்பது கிணற்றுத் தண்ணீர். வயலுக்குப் போவது இரணைமடு போன்ற குளங்களின் தண்ணீர், அதே குளத்தில் மீன் பிடித்துத்தான் பல குடும்பங்கள் சீவிக்கின்றன. கரைந்த செம்பு மிகச் சிறிய அளவிலேயே மீனுக்கும் பாசிக்கும் நஞ்சு. கிணற்றடியில், வாய்க்காலில், மலசலகூடக் குழியில், மழை வெள்ளத்தில் ஊற்றவே கூடாது. எரித்தும் தீராது, உலோகம் எரிந்து இல்லாமல் போவதில்லை.

முதலாவது, அவசரப்பட்டு ஊற்றாதீர்கள். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. போர்டில் மொத்தச் செம்பே சுமார் 3 கிராம்தான். ஒரு லீட்டர் திரவம் அப்படியான போர்ட் பத்துக்கு மேல் தாங்கும். இறுக்கமான மூடியுள்ள தடித்த பிளாஸ்ரிக் கானில் ஊற்றித் திரும்பத் திரும்பப் பாவியுங்கள். நிறம் கடும் பச்சையாகி, சூடாக்கினாலும் ஒரு மணித்தியாலத்தில் கரைக்காவிட்டால்தான் அது முடிந்தது.

முடிந்ததைப் பெரிய பிளாஸ்ரிக் வாளியில், பாதிக்கு மேல் வராமல் எடுத்து, சலவைச் சோடாவை, அதாவது பள்ளிக்கூடத்தில் சோடியம் காபனேற்று என்று படிப்பதை, ஒவ்வொரு கரண்டியாகப் போட்டுக் கிளறுங்கள். நுரைத்துப் பொங்கும், அதனால்தான் பெரிய வாளி. நுரைப்பது நிற்கும்வரை போடுங்கள், பிறகு இன்னும் சிறிது. இரும்பும் செம்பும் சேறாகக் கீழே இறங்கும். இரண்டு நாள் அசையாமல் விட்டால் மேலே தெளிந்த உப்புத்தண்ணீர் நிற்கும். அதில் நீலச் சாயல் தெரிந்தால் செம்பு இன்னும் இருக்கிறது, சோடா போதவில்லை.

தெளிந்ததையும் பயிருக்கு ஊற்றவேண்டாம். எல்லாவற்றையும் அகலமான பழைய பிளாஸ்ரிக் தட்டில் ஊற்றி, கோழியும் நாயும் வாய் வைக்காதபடி வலை போட்டு, கோடை வெயிலில் வற்றவிடுங்கள். மாரி காலத்தில் இதைத் தொடங்கவேண்டாம், மழை நிரப்பி வழியவிட்டுவிடும், அதுவரை கானிலேயே மூடி வையுங்கள். வற்றி மிஞ்சும் காய்ந்த சேற்றைச் சீமெந்தோடு குழைத்துக் கட்டியாக்கி, தண்ணீர் படாத இடத்தில் வைக்கலாம். சில வருடங்களுக்குச் சேர்த்துப் பார்த்தாலும் ஒருவருக்கு ஒன்றிரண்டு கட்டிக்கு மேல் வராது. இந்தச் சின்ன வேலையைச் செய்ய மனமில்லாதவர் இந்த வேலைக்கே வரவேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

எத்தனை வயதுப் பிள்ளைகள் செய்யலாம்?

வரைவதும் சோல்டர் பண்ணுவதும் பெரியவர் பக்கத்தில் இருந்தால் பத்து வயதுப் பிள்ளையும் பழகலாம். கரைக்கும் வேலையில் பெரியவர் கட்டாயம் நிற்கவேண்டும். கையுறை, கண்ணாடி இரண்டும் இல்லாமல் மூடியைத் திறக்கக்கூடாது.

எனக்கு மிகவும் பயமான விடயம் போத்தல். பெரிக் குளோரைட் கரைசல் பார்க்கச் சோடாப் போத்தலில் உள்ள கோலா மாதிரியே இருக்கும். குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்தால், வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளை எடுத்துக் குடிக்கும். வேறு வடிவமுள்ள கானில், ‘நஞ்சு’ என்று பெரிய எழுத்தில் ஒட்டி, பூட்டி வையுங்கள். கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு ஆசுப்பத்திரிக்குப் போங்கள். முதலில் கழுவுங்கள், பிறகுதான் வாகனம் தேடுங்கள். எங்கள் ஊர்களில் ஆசுப்பத்திரி தூரம். குடித்துவிட்டால் வாந்தி எடுக்கப் பண்ணவேண்டாம், கானையும் எடுத்துக்கொண்டு நேரே போங்கள்.

சாதாரண சோல்டரில் ஈயம் இருக்கிறது. வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக்கூடாது.

துளை போடும்போது அலகு உடைந்துகொண்டே இருக்கிறதே?

வெள்ளியை விட மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும் கார்பைட் அலகு கண்ணாடி நாரை நன்றாக வெட்டும், ஆனால் கை சற்று ஆடினாலே முறியும். அது தாங்கியில் பூட்டிய துளைக்கருவிக்குரியது. கையில் பிடித்துத் துளைப்பதானால் சாதாரண உருக்கு அலகு வாங்குங்கள். விரைவில் மழுங்கும், ஆனால் வளைந்து கொடுக்கும். ரெசிஸ்டருக்கும் ஐசிக்கும் 0.8 மி.மீ., 1என்4007 போன்ற தடித்த கால் உள்ள டயோட்டுக்கு 1 மி.மீ., திருகாணி போடும் கம்பி இணைப்பிக்கு 1.2 அல்லது 1.3. வடிவமைக்கும்போதே வட்டத்தின் நடுவில் சிறு வெள்ளைப் புள்ளி விட்டால், அங்கே செம்பு கரைந்து குழியாகி அலகை வழுக்காமல் பிடிக்கும்.

எஃப்.ஆர்.4 தூசியில் கண்ணாடி நார் இருக்கிறது. முகக்கவசம் போடுங்கள், தூசியை ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

கரண்ட் இல்லாத நேரத்தில் என்ன செய்வது?

2022இல் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நிறுத்தியபோது பலரும் பழகிக்கொண்ட வழி, 12 வோல்ட் சோல்டரிங் அயன். சோலார் பற்றரியிலோ மோட்டார் சைக்கிள் பற்றரியிலோ ஓடும். கரி அயன் பெட்டியாலும் ரோனரை ஒட்டலாம், ஆனால் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாது. கழித்த துண்டு ஒன்றில் முதலில் சோதியுங்கள். கரைக்கக் கரண்ட் தேவையில்லை.

மாரியில் போர்ட் பச்சை பூத்துப் பழுதாகிறதே?

வீட்டுப் போர்டில் காப்புப் பூச்சு இல்லை என்பதே காரணம். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் ஈரம், முல்லைத்தீவுக் கரையோரம் என்றால் ஆண்டு முழுக்க உப்புக்காற்று. சோல்டர் பண்ணியதும் ஒட்டியிருக்கும் பிசினை ஸ்பிரிட்டால் கழுவி, நன்றாகக் காயவைத்து, செப்புப் பக்கத்தில் நிறமற்ற வார்னிஷ் இரண்டு பூச்சுப் பூசுங்கள். கூடிய மின்னோட்டம் போகும் கோடுகளின் மேல் சோல்டரை உருக்கிப் பூசினால் அவை தடிப்பாகவும் ஆகும், துருவும் ஏறாது.

பெட்டியை மறக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் போர்டைக் கொல்வது பல தடவை மழை அல்ல, எறும்பும் பல்லியும்தான். கம்பி போகும் ஓட்டைகளைச் சிலிக்கனால் அடையுங்கள். அடியில் ஈரம் வடிய ஒரு சிறு துளை விட்டு, அதற்குள் மெல்லிய வலைத்துண்டு வையுங்கள். தோட்டத்துக்கு நீண்ட கம்பி ஓடுவதானால் இடி மின்னல் நேரத்தில் கழற்றிவிடக்கூடிய இணைப்பி போடுங்கள்.

தண்ணீர்த் தாங்கி நிறைந்ததும் மோட்டரை நிறுத்தும் போர்ட் செய்யலாமா?

செய்யுங்கள், எங்கள் வீடுகளுக்கு மிகவும் பொருத்தமான வேலை. மிதவைச் சுவிட்ச், இரண்டு திரான்சிஸ்டர், ஒரு 12 வோல்ட் ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) போதும். தண்ணீருக்குள் வெறும் கம்பி முனையை விட்டு அளக்கலாம், ஆனால் நேர்மின்னோட்டத்தில் அந்த முனை கரைந்து போகும். மிதவை நீடிக்கும்.

ஆனால் 230 வோல்ட்டை வீட்டில் செய்த போர்டில் ஏற்றவேண்டாம். பூச்சு இல்லாத செம்பு, ஈரம், எறும்பு மூன்றும் சேர்ந்தால் உயிர் போகும். உங்கள் போர்ட் 12 வோல்ட்டில் ஒரு கன்டாக்டரை (மோட்டர் போன்ற பெரிய சுமைக்குரிய ரிலேயை) மட்டும் இயக்கட்டும். அந்தக் கன்டாக்டர் மோட்டருக்குரிய தனிப் பெட்டியில் இருக்கட்டும், அதைத் தெரிந்த மின்வேலைக்காரர் பூட்டித் தரட்டும்.

யானை வேலிக்குப் போர்ட் செய்து தருவீர்களா?

இல்லை. யானையால் ஒரே இரவில் ஒரு போகமே போய்விடும் வேதனை நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்தவர்களுக்குத் தெரியும். அதற்காக வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடுவது சட்டவிரோதம், யானையையும் கொல்லும், விடிய வயலுக்குப் போகும் மனிதரையும் கொல்லும். முறையான வேலிக் கருவி சில ஆயிரம் வோல்ட்டைச் செக்கனுக்கு ஒருமுறை அளவில், மிகச் சிறிய நேரத் துடிப்பாக, அளந்த சக்தியோடு விடுகிறது. இடையில் உள்ள நேரத்தில்தான் தொட்டவர் கையை எடுக்க முடிகிறது. அந்த அளவு பிழைத்தால் என்ன நடக்கும் என்பதை வீட்டில் சோதிக்க வழியில்லை. தரச்சான்று உள்ளதை வாங்குங்கள். வேலியில் கம்பி அறுந்தால் வீட்டில் மணியடிக்கும் 12 வோல்ட் எச்சரிக்கைப் போர்ட் என்றால் மகிழ்ச்சியோடு சேர்ந்து செய்யலாம்.

பழைய ரி.வி. போர்டிலிருந்து பாகம் கழற்றலாமா?

தாராளமாக. 1990களில் பற்றரியே வன்னிக்குள் வரத் தடையாக இருந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. கழித்த சாமானிலிருந்து வேலைக்குதவும் பாகத்தை எடுக்கும் திறமை மூத்த திருத்துநர்களிடம் நிறைய உண்டு, அவர்களிடம் போய் இருந்து பழகுங்கள். ஒரு எச்சரிக்கை: கரண்டில் ஓடும் கருவியின் பெரிய கப்பாசிற்றரில் சுமார் 325 வோல்ட் தங்கியிருக்கும். கழற்றுமுன் அளந்து, ஒரு தடித்த ரெசிஸ்டரால் இறக்குங்கள்.

சர்க்கியூட் போர்டை யார் கண்டுபிடித்தது?

பலருக்குப் பங்குண்டு. செம்பை அரித்துக் கோடெடுக்கும் முறைக்கு ஒஸ்திரியாவில் பிறந்த போல் ஐஸ்லரின் பெயரைச் சொல்வார்கள். 1936இல் இங்கிலாந்தில் அப்படியான போர்ட் வைத்த ரேடியோ ஒன்றைச் செய்தார்.

இரண்டு பக்கமும் செம்பு உள்ள போர்டை வீட்டில் செய்யலாமா?

செய்யலாம். இரண்டு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பொருத்தி, உறைபோல் ஒட்டி, அதற்குள் போர்டை விட்டு அயன் பண்ணவேண்டும். துளைகளுக்குள் செம்பு வராது, கம்பி விட்டு இரு பக்கமும் சோல்டர் பண்ணவேண்டும். ஒளியில் இறுகும் படலம் ஒட்டிச் செய்யும் முறையில் இன்னும் மெல்லிய கோடு வரும். அதைக் கழுவ 1 வீதச் சலவைச் சோடாக் கரைசல் போதும். ஆனால் அந்தப் படலம் வெக்கையில் கெட்டுப்போகும். ஒற்றைப் பக்கத்தில் கை தேறும்வரை நான் இதற்குப் போகச் சொல்வதில்லை.

இதனால் படிப்புக்குப் பயன் உண்டா?

உண்டு. உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கும் பிள்ளைக்கு ஓமின் விதி புத்தகத்திலிருந்து கைக்கு வருவது இங்கேதான். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது, இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இருக்கிறது. பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் வழி மூடிவிட்டது என்று நினைக்கும் பெற்றோர் தொழிற்பயிற்சிப் பக்கத்தையும் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

அயலவருக்குச் செய்து கொடுத்துக் காசு வாங்கலாமா?

வாங்குங்கள், உழைப்புக்குரிய காசு. ஆனால் போர்டோடு சேர்த்து அதன் வரைபடத்தையும் கொடுங்கள். ஒரு தாளில் சர்க்கியூட், உருகியின் (பியூஸ்) அளவு, எந்தக் கம்பி எங்கே போகிறது, செய்த திகதி எல்லாம் எழுதி, பொலித்தீன் உறைக்குள் போட்டுப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் ஒட்டுங்கள். ஐசியின் இலக்கத்தைச் சுரண்டி அழிக்கவேண்டாம். நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் மோட்டர் நின்றால், விசுவமடுவிலோ மாங்குளத்திலோ இருக்கும் வேறொருவர் அதைத் திறந்து திருத்தக்கூடியதாக இருக்கவேண்டும்.